நாலாவது படி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல் வேலையில் இருபத்தாறு வருஷம் மேஸ்திரியாக இருந்தவனுக்குக் கோபமும் வாயும் கூடவே ஒட்டிக்கொள்ளும். ஒரு கல்லைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தப் பக்கம் படுக்கும், எந்தப் பக்கம் ஆடும் என்று சொல்லிவிடுவேன். சொன்னால் சொன்னதுதான். அந்தத் திமிரில் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊருக்கு மேலே மலையிலிருந்து ஓர் ஓடை இறங்குகிறது. காலாற நடக்க வருகிறவர்களுக்காக அங்கே ஒரு பாதை உண்டு. பாதை ஓடையைத் தாண்டும் இடத்தில், எந்தக் காலத்திலோ எவனோ ஒரு புண்ணியவான், ஒரு சிமெண்ட் குழாயைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டி மூடிவிட்டான். மனிதர்கள் செருப்பு நனையாமல் மேலே போனார்கள். தண்ணீர் குழாய்க்குள் நுழைந்து, மறுபக்கம் இடுப்பளவு உயரத்திலிருந்து குட்டையில் விழுந்தது. அந்தக் குட்டைக்குத்தான் மழை தொடங்கினதும் புள்ளி மீன்கள் வந்து சேரும். மேலே நல்ல சரளைக் கல் இருக்கிறது, அங்கே போய் முட்டை போட வேண்டும். கீழே எல்லாம் சேறு. சேற்றில் போட்ட முட்டை மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஒரு சாண் உயரம் என்றால் அந்த மீன் தாவிவிடும். இடுப்பளவு எப்படித் தாவும்? ஓடையில் வெள்ளம் போகிற நாளில் ஒன்றிரண்டு எப்படியோ ஏறும், மற்றதெல்லாம் முட்டி முட்டி ஓய்ந்துபோகும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அண்ணன் சொல்லித்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சாயங்காலம் ஏற்றிக்கொள்ளும் வரைக்கும் நடுவில் ஐந்து மணி நேரம் சும்மா. மற்ற டிரைவர்கள் வேனுக்குள்ளேயே சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். இவன் ஓடைக்குப் போய்விடுவான். கையில் ஓர் எண்ணும் கருவி, கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் ஓர் எண் கூடும். பதினொரு வருஷம் இப்படி எண்ணினான், பதினொரு நோட்டு நிரப்பினான்.

"உங்கண்ணனுக்குக் கல்யாண நாள் ஞாபகம் இருக்காது தம்பி. மூணு வருஷத்துக்கு முன்னாடி செவ்வாக்கிழமை எத்தனை மீன் வந்துச்சுன்னு கேளுங்க, டக்குனு சொல்வாரு" என்பாள் அண்ணி. நானும் விடமாட்டேன். "என்னண்ணே, இன்னைக்கு உன் சொந்தக்காரங்க எல்லாம் வந்தாங்களா?" என்று கேட்பேன். சிரித்துக்கொள்வான். முதல் வருஷம் குட்டைக்கு வந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. போன வருஷம் முப்பத்தொன்று. ஒவ்வொரு வருஷமும் நோட்டைப் பிரதி எடுத்து ஆற்றுத் துறைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான். அவர்களும் பெற்றுக்கொண்டோம் என்று பதில் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் துறைக்குப் புதிதாக ஒரு மேடம் வந்தார். பதினொரு நோட்டையும் உட்கார்ந்து படித்த முதல் ஆள் அவர்தான். குழாயைப் பெயர்த்து எடுப்பது, ஓடைக்குப் பழைய வழியைத் திருப்பிக் கொடுப்பது, நடக்கிறவர்களுக்கு மேலே ஒரு மரப்பாலம் என்று உத்தரவானது. அந்த வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது, மேஸ்திரி நான். அண்ணனிடம் சொன்னபோது அவன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"நீயாடா செய்யப் போற? அப்ப எனக்குக் கவலையே இல்ல" என்றான். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இந்த வருஷம் விட்டுடக் கூடாதுடா. இந்த வருஷமும் மேல போகலைன்னா அடுத்த வருஷம் வர்றதுக்கு ஆளே இருக்காது."

மீனைத்தான் ஆள் என்று சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்று தெரியவில்லை.

வேலைக்குக் கெடு உண்டு. மாதக் கடைசியோடு தண்ணீரை விட்டு எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். முதல் தேதியிலிருந்து கோடை வரைக்கும் ஓடையில் ஒருவர் கால்கூடப் படக்கூடாது, மீன் முட்டை போடும் காலம். மேலே மணல் மூட்டை அடுக்கி, தண்ணீரை ரப்பர் குழாயில் சுற்றிவிட்டு, நடுவில் ஓடையைக் காயவைத்தோம். பழைய குழாயைத் துண்டு துண்டாக எடுத்தோம். அந்த இடத்தில் கல்லால் ஆறு படி. ஒவ்வொரு படியும் முந்தினதைவிட ஒரு சாண் உயரம். மீன் தாவி, இளைப்பாறி, மறுபடி தாவி ஏறிவிடும். காகிதத்தில் பார்த்தால் சின்ன வேலை. ஆனால் உயரம் ஓர் இழை பிசகக் கூடாது.

உயரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு சர்வேயர் தம்பி தினமும் வந்தான். பாதையோரம் அசையாத பெரிய கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் தலையில் உளியால் பெருக்கல் குறி செதுக்கிச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தான். எல்லா அளவும் அந்தக் கல்லிலிருந்துதான். அதன்மேல் அளவுக்கோலை நிறுத்தி, கருவி வழியாகப் பார்த்து, "இன்னும் ரெண்டு விரல் இறக்குங்க" என்பான், இறக்குவோம். கீழே இருந்து மூன்று படி அப்படிக் கட்டினோம், மூன்றும் அச்சு அசலாக உட்கார்ந்தன.

அண்ணன் தினமும் பத்து மணிக்கு வருவான். வேலை நடக்கிற இடத்துக்குள் வெளியாட்கள் வரக்கூடாது என்பதால் மேட்டில், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பான். பிளாஸ்கில் டீ கொண்டுவந்து வேலிக்கு மேலே நீட்டுவான். முதல் நாள் எனக்குப் பெருமையாக இருந்தது. பத்தாம் நாள் எரிச்சலாக இருந்தது. பொக்லைன் ஓட்டுகிறவன் வேறு, அவனைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவோம், "மேஸ்திரி, உங்க மேலதிகாரி வந்துட்டாரு" என்று கிண்டல் செய்வான். ஆட்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

நாலாவது படிக்கு வந்த அன்று காலை சர்வேயரிடமிருந்து போன். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறான். "கருவி அங்கதான் இருக்கு, நீங்களே பாத்துக்குங்க, மூணு நாள்ல வந்துடறேன்" என்றான். நாமே பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று நான் வேலையைத் தொடங்கினேன். நாலாவது படிக்குக் குவாரியிலிருந்து வந்திருந்த கல் எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாக உடைத்த முகம், பார்க்கவே பல்லை இளிக்கிற மாதிரி. ஓடைக்குள் நின்று சுற்றிலும் பார்த்தேன். பாதையோரச் சரிவில், பாதி மண்ணுக்குள், பாசி படிந்து ஒரு கல். கீழிருந்து பார்த்தால் அதன் பக்கவாட்டு முகம் பலகை மாதிரி தட்டையாகத் தெரிந்தது. தலைமேல் எங்கள் ஆட்கள் முந்தின சாயங்காலம் சரளை மூட்டையும் தார்ப்பாயும் போட்டு வைத்திருந்தார்கள். இதுதான் நாலாவது படி என்று மனசு சொல்லிவிட்டது.

"அதைத் தூக்கு" என்றேன்.

தார்ப்பாயை இழுத்து எறிந்துவிட்டுச் சங்கிலி போட்டார்கள். தூங்குமூஞ்சி கல்லைக் கிளப்பினான். அது அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது மேட்டிலிருந்து அண்ணன் கத்தினான்.

"தம்பி! டேய் தம்பி! அந்தக் கல்லுல..."

அவ்வளவு எடை தலைக்கு மேலே ஆடும்போது எவனாவது கூப்பிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அண்ணே! வேன் ஓட்டுறவங்க வேனை ஓட்டட்டும். கல்லு வேலையைக் கல்லு வேலை தெரிஞ்சவன் பாத்துக்குவான். சும்மா நொய் நொய்னுட்டு!"

ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அண்ணன் வாயை மூடிக்கொண்டான். பிளாஸ்கை வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போனான். கல்லைப் புரட்டிப் போட்டோம். தட்டை முகம் மேலே, தலை பக்கவாட்டில் கரை மண்ணுக்குள்.

இனி உயரம் பார்க்க வேண்டும். பாதையோரம் சிவப்புப் பெயிண்ட் அடித்த கல், அதில்தான் கோலை வைக்க வேண்டும் என்று தெரியும். ஏறிப் பார்த்தேன். சிவப்புப் பெயிண்டோடு ஒரு கல் இருந்தது. அதன்மேல் கோலை நிறுத்தச் சொல்லிக் கருவியில் பார்த்தேன், எண்ணைக் குறித்தேன். நடக்க வருகிறவர்களுக்கு வழி காட்டவும் அந்தப் பாதை முழுக்கக் கல்லில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். இருபத்தாறு வருஷ மேஸ்திரிக்கு அது உறைக்கவில்லை. பெருக்கல் குறி எங்கே என்று குனிந்து தடவிப் பார்க்கவும் தோன்றவில்லை. அந்தக் கல் சர்வேயரின் கல்லைவிட ஒரு முழம் உயரத்தில் இருந்தது.

"மேஸ்திரி, கொஞ்சம் தூக்கலா இருக்கிற மாதிரி தெரியுதே" என்றான் தூங்குமூஞ்சி.

எனக்கும் அப்படித்தான் பட்டது. கண்ணை நம்பியே காலம் தள்ளினவன் அன்றைக்கென்று பார்த்து, "கருவி பொய் சொல்லுமாடா? அடியில ஜல்லியைக் கொட்டு" என்றேன். அஞ்சாவது படியும் ஆறாவது படியும் அதே கணக்கில் ஏறின.

மாதக் கடைசி நாள் பதினொரு மணிக்கு மணல் மூட்டையை எடுத்துத் தண்ணீரை விட்டோம். பொக்லைன் அதற்கு முன்பே லாரி ஏறிப் போய்விட்டது. சர்வேயர் அன்றைக்குத்தான் கையில் மிட்டாய்ப் பெட்டியோடு வந்து நின்றான், பெண் குழந்தை. மேடமும் வந்திருந்தார். தண்ணீர் ஆறாவது படியிலிருந்து அஞ்சுக்கு, அஞ்சிலிருந்து நாலுக்கு, குழந்தை மாதிரி இறங்கி வந்தது. நாலாவதிலிருந்து மூன்றுக்குத் தொபதொபவென்று கொட்டியது. சத்தமே வேறு மாதிரி.

சர்வேயர் மிட்டாய்ப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் பாதையோரம் ஓடினான். அங்குமிங்கும் பார்த்தான்.

"மேஸ்திரி, என் கல்லு எங்க?"

"அதோ இருக்கே."

"இது பாதைக்குப் போட்ட பட்டை. பெருக்கல் குறி போட்ட கல்லு எங்க?"

பாதையோரம் நான் கல்லைப் பெயர்த்த பள்ளத்தைப் பார்த்தேன், பிறகு ஓடையை. என் கண் போன திசையில் அவனும் பார்த்தான். நாலாவது படி, என் கையால் தேர்ந்தெடுத்த கல், மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர் ஓட ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கோலை வைத்து அளந்தான். ஒரு சாண் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சாண்.

"உடைச்சிடலாம் மேடம்" என்றேன். "இன்னைக்கே பொக்லைனைத் திருப்பிக் கூப்பிடறேன். மறுபடி காயவெச்சு, மூணு படியைப் பெயர்த்து, அஞ்சே நாள். ராத்திரி பகலா நிக்கிறேன்."

மேடம் முதல் படிக்குக் கீழே கையைக் காட்டினார். மழை ஒரு வாரம் முந்திக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீருக்கு அடியில் நிழல் மாதிரி நாலைந்து அசைந்தன. வந்துவிட்டன.

"நாலு நாளா வருது. கொஞ்சம் கீழ ஒரு ஜோடி முட்டையும் போட்டாச்சு. இப்ப நீங்க மேல கிளறினா சேறு மொத்தமும் அது மேலதான் போய்ப் படியும். சேத்துல பொழைக்கப் போற நூத்துல ஒண்ணையும் நாமளே கொன்ன மாதிரி ஆயிடும்."

"அப்ப கையாலயே நாலு கல்லைத் தண்ணிக்குள்ள போட்டு நடுவுல ஒரு படி..."

"அதுக்கும் உள்ள இறங்கணும், சேறு கிளம்பும். நாளையிலேருந்து காலே வெக்கக் கூடாது மேஸ்திரி. அந்தச் சட்டத்தை எழுத வெச்சதே உங்கண்ணன் நோட்டுதான்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. மிட்டாய்ப் பெட்டி இன்னும் என் கையில் இருந்தது.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வேன் நின்றது. உள்ளே அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் பதினொரு நோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று, அட்டை போட்டு, வருஷம் எழுதி வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு உட்கார முடியவில்லை.

"அண்ணே, தப்பு நடந்து போச்சு. நாலாவது படி..."

"பாத்தேன்" என்றான். "மதியம் போயிருந்தேன்."

"அளவு எடுக்குற கல்லைத் தூக்கிப் படியா போட்டுட்டேண்ணே."

"தெரியும்டா. நீ தூக்கும்போதே மேலேருந்து பெருக்கல் குறி தெரிஞ்சுது."

கத்தினேன். தப்பு செய்தவன் நான், கத்தினதும் நான்தான். "தெரிஞ்சும் ஏன் சொல்லல? அன்னைக்கே சொல்லியிருந்தா அரை மணி நேர வேலை! வாயில என்ன கொழுக்கட்டையா?"

அண்ணி மடித்த துணியை அப்படியே தரையில் வீசினாள். "ஏன் சொல்லலையா? சொல்லத்தானே கூப்பிட்டாரு! வேன் ஓட்டுறவன் வேனை ஓட்டுன்னு பத்துப் பேர் முன்னாடி விரட்டினது யாரு தம்பி? அன்னைக்கு மனுஷன் சோறு கூடத் திங்கல."

"நீ சும்மா இரு" என்றான் அண்ணன் அவளிடம். என்னைப் பார்த்துக் கோபமாகச் சொன்னானா என்றால் அதுவும் இல்லை. "அதுக்காக இல்லடா. ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம், அவன் வேலை தெரிஞ்சவன், அளவை வேற எங்கயாவது மாத்தி வெச்சிருப்பான், நாம என்னத்தைக் கண்டோம்னு விட்டுட்டேன். நீ செய்றதால அதுக்கப்புறம் நான் அதைப் பத்தி நினைக்கவே இல்ல."

அவன் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

"பக்கெட்ல பிடிச்சு மேல கொண்டு போய் விட்டுடலாம்ணே. யாருக்கும் தெரியாம நான் பண்றேன். ஜெயில்ல போடட்டும்."

அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "அஞ்சாவது வருஷம் நான் பண்ணிப் பாத்தேன்டா. பாவம்னு ஒண்ணைக் கையில எடுத்தேன். வயிறு நெறய முட்டை. பயத்துல அப்படியே கையிலயே கொட்டிடுச்சு. ஆரஞ்சு நிறத்துல, கொழகொழன்னு. என்ன பண்றதுன்னே தெரியாம அப்படியே நின்னேன்." அவன் கையை மூடிக்கொண்டான். "அதெல்லாம் வேணாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலத்தைத் திறந்தார்கள். திறக்காமல் என்ன செய்வார்கள்? பாலத்தில் ஒரு குறையும் இல்லை. கைப்பிடி வழவழவென்று, பலகைக்குப் பலகை இடைவெளி ஒரே சீர், தள்ளு வண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம். மேடம் ரிப்பனை வெட்ட அண்ணனைக் கூப்பிட்டார். வெட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். போட்டோவில் நானும் இருக்கிறேன், பேயறைந்த மாதிரி முகத்தோடு. படியைச் சரிசெய்யக் கோடையில் நாள் குறித்தாகிவிட்டது என்று மேடம் என் காதோடு சொன்னார். சரி என்றேன். யாருக்காகச் சரிசெய்யப் போகிறோம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு தினமும் பத்து மணிக்கு அண்ணன் பாலத்துக்கு வந்தான். நானும் வந்தேன். எனக்கு அங்கே வேலையே கிடையாது, ஆனால் வேறு எங்கே போவது? பாலத்தின் நடுவில் காலைத் தொங்கவிட்டு உட்காருவோம். பிளாஸ்க் டீ. கீழே தண்ணீர் அவ்வளவு தெளிவு. முதல் படியைத் தாவும். இரண்டாவதைத் தாவும். மூன்றாவதையும் தாவி, நாலாவதுக்கு அடியில் வந்து நிற்கும். பதினொரு வருஷமாகக் குழாய்க்கு அடியில் நின்ற அதே நிற்பு. பிறகு தாவும். பாதியில் கல்லில் பட்டென்று மோதி விழும். அந்த 'பட்' என்ற சத்தம் பாலத்துப் பலகை வரைக்கும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் என் உடம்பு தூக்கிப்போடும். அண்ணன் அசையமாட்டான். ஆறாவது படியைத் தாண்டினால்தான் கருவியை அமுக்குவது என்று அவனுக்கு ஒரு கணக்கு. கட்டைவிரல் பொத்தான்மேலேயே இருக்கும்.

இந்த வருஷம் வந்தவை மொத்தம் இருபத்திரண்டு. முதல் வாரம் நாலாவது படிக்கு அடியில் இருபத்திரண்டும் இருந்தன. இரண்டாம் வாரம் பதினாலு. மூன்றாம் வாரம் ஒன்பது, அதிலும் பாதிக்கு மூக்குத் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"பெரிய மழை ஒண்ணு வந்தா ஏறிடும்ணே" என்பேன்.

"ஏறும் ஏறும்" என்பான்.

மழை வரவில்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. மழைக்காலத்தில் வெயில் அடிக்கிறதே என்று சந்தோஷப்பட்டு ஊரே நடக்க வந்தது.

நாலாம் வாரம் ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, தோளில் ஒரு குழந்தை. பாலத்தின் நடுவில் எங்கள் பக்கத்திலேயே நின்றார்கள். அந்தப் பெண் கைப்பிடியில் சாய்ந்து, நாலாவது படியில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போனை எடுத்துப் படம் பிடித்தாள். குழந்தைக்குக் காட்டினாள். பிறகு அண்ணனிடம் திரும்பினாள்.

"முன்னாடி இங்க வெறும் சிமெண்ட் குழாய்தான இருந்துச்சு? குட்டி அருவி மாதிரி எவ்வளவு அழகா வெச்சிருக்காங்க! சத்தமே மனசுக்கு இதமா இருக்கு. யாருங்க இதைக் கட்டினது?"

நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கேலியா, குத்தலா என்று நான் அவன் முகத்தைத் துழாவினேன். ஒன்றும் இல்லை. வேலை கிடைத்தது என்று நான் சொன்ன நாளில் இருந்த அதே முகம்தான்.

"இவன்தாங்க" என்றான், என் முதுகில் கையை வைத்து. "எந்தம்பி."

அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பிள்ளைகளை ஏற்றப் போகும் நேரம். மடியில் இருந்த நோட்டைத் திறந்து, தேதி போட்டு, அடியில் இருந்தவை மூன்று என்று எழுதினான். தாண்டியவை என்ற கட்டத்தில், முந்தின நாட்களுக்குக் கீழே, இன்னொரு பூஜ்யம் போட்டான்.